‘படிப்படியாக’ என்றால் எந்தப் படி? மெதுவான முன்னேற்றம் பெரிய இலக்கை எட்டுமா

யாழ்ப்பாணத்தில் செய்தி வாசிப்பவர்கள் அடிக்கடி காணும் சொல் ‘படிப்படியாக’. இராணுவம் வைத்திருக்கும் காணி படிப்படியாக விடுவிக்கப்படும். மிதிவெடி படிப்படியாக அகற்றப்படுகிறது. குடிநீர் படிப்படியாக எல்லா வீட்டுக்கும் வரும். பொருளாதாரம் படிப்படியாக மீள்கிறது. சொல் ஒன்றே. ஆனால் சில இடங்களில் அதன் பின்னால் நாள் தவறாமல் நடக்கும் வேலை இருக்கிறது. சில இடங்களில் அரை நூற்றாண்டாக அசையாத ஒன்று கிடக்கிறது. இரண்டையும் பிரித்தறிய வழி தெரியாத வாசகர் எல்லாவற்றையும் நம்பிவிடுகிறார், அல்லது எதையும் நம்பாமல் விடுகிறார். எப்படிப் பார்த்தாலும் நட்டம் ஊருக்குத்தான்.

பழமொழியைக் கேட்டால் அதுவும் இரண்டு பக்கமும் பேசும். ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பார்கள். ‘சாண் ஏற முழம் சறுக்கும்’ என்றும் சொல்வார்கள். இரண்டும் அனுபவத்தில் விளைந்த சொற்கள். எது எங்கே பொருந்தும் என்பதுதான் பிரச்சினை. மெதுவாகப் போனால் போதுமா என்ற கேள்விக்கு வேகத்தை மட்டும் அளந்து விடை சொல்ல முடியாது. போய்ச் சேர வேண்டிய இலக்கு எந்த வகையானது என்று முதலில் பார்க்க வேண்டும்.

## மூன்று வகை இலக்குகள்

1. சேர்ந்து வளரும் இலக்கு. ஒவ்வொரு படியும் அன்றைக்கே ஏதோ ஒரு பலனைத் தரும். நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தால், அடுத்த புத்தகம் வராவிட்டாலும் அந்த ஒன்றை ஒருவர் வாசிக்கலாம். இங்கே மெதுவாகப் போவதால் காலம் நீளும்; அதுவரை செய்த வேலை வீணாகாது.

2. முடிந்தால் மட்டும் பலன் தரும் இலக்கு. கிணறு வெட்டும்போது தண்ணீர் 20 அடியில் இருந்தால், 19 அடியில் நிறுத்தியவருக்கு ஒரு வாளித் தண்ணீரும் கிடைக்காது. வேலையில் 95 சதவீதம் முடிந்துவிட்டது, பலன் பூச்சியம்.

3. சறுக்கும் இலக்கு. நாம் ஏறிக்கொண்டிருக்கும்போதே நம்மைக் கீழே இழுக்கும் விசை ஒன்று வேலை செய்கிறது. வட்டி, பணவீக்கம், கிணற்றில் ஏறும் உப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. இங்கே முன்னேற்றம் என்பது ஏறிய அளவு அல்ல. ஏறியதிலிருந்து சறுக்கியதைக் கழித்தால் வருவதுதான்.

நிஜத்தில் பெரிய காரியங்கள் இந்த மூன்றும் கலந்தவை. குடாநாட்டின் சொந்த வரலாற்றில் மூன்றுக்கும் தெளிவான உதாரணங்கள் இருப்பதால், வேறெங்கும் போகத் தேவையில்லை.

## ரயில் வந்த விதம்

1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் இல்லாமல் போயின. போர் முடிந்த பின் பாதை திரும்பப் போடப்பட்டது ஒரே மூச்சில் அல்ல. 2013 செப்டம்பரில் ரயில் கிளிநொச்சி வரை வந்தது. 2014 மார்ச்சில் பளை வரை. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம். 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறை.

பளை வரை மட்டும் பாதை இருந்த அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்து மக்களுக்கு ரயில் பயனற்றதாக இருக்கவில்லை. பளையில் இறங்கி வீதியால் வரலாம். ஒவ்வொரு நிலையமும் அந்தந்த நேரத்துக்கு ஒரு கடைசி நிலையமாக நின்று வேலை செய்தது. இடையில் பணம் முடங்கியிருந்தாலும், பளை வரை கிடைத்த வசதி பளையோடு நின்றிருக்கும், கையைவிட்டுப் போயிருக்காது.

படிப்படியான முறையின் சிறந்த வடிவம் இதுதான். வேலை எங்கே நின்றாலும் நின்ற இடம்வரை பலன்.

## முள்ளியான் வாய்க்கால்

இப்போது அதற்கு நேர்மாறான ஒன்று. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றில் வந்து, பெரும்பாலும் நீரேரிகள் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. இதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் பழையது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அதற்கு முழுமையான ஒரு திட்டம் வரைந்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று இன்றும் பேசப்படுவது அதுதான்.

திட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தைக் கடந்து ஆனையிறவு நீரேரியில் விழுகிறது. அந்த நீரேரியின் மேற்கு வாயை ஆனையிறவிலும் கிழக்கு வாயைச் சுண்டிக்குளத்திலும் அடைத்தால், காலப்போக்கில் உப்புக் கழன்று அது நன்னீர்த் தேக்கமாகும். அங்கிருந்து முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடமராட்சி நீரேரிக்கு வரும். அங்கிருந்து உப்பாற்று நீரேரிக்கு. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை இருந்தால் கடல்நீர் உள்ளே வராது. வன்னியில் பெய்த மழை வலிகாமத்துக் கிணறுகளின் அடிவரை ஊறும்.

இதில் பெரும்பகுதி வேலை நடந்தது. தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் அரியாலைத் தடுப்பணையும் 1950களில் முடிந்தன. ஆனையிறவில் நீர்வழிகள் அடைக்கப்பட்டன. சுண்டிக்குளத்தில் அணை எழுந்தது. முள்ளியான் வாய்க்காலும் வெட்டத் தொடங்கப்பட்டது, ஆனால் முடிக்கப்படவில்லை. சுண்டிக்குளம் அணையை வெள்ளம் உடைத்தது. பிறகு போர்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே திட்டத்துக்குள் இரண்டு வகைப் படிகள் இருந்தன என்பது.

1. தடுப்பணைகள் தனித்து நின்றும் பயன் தருபவை. கதவுகள் ஒழுங்காக இருக்கும்வரை கடல்நீரைத் தடுத்து, மாரி வெள்ளத்தைப் பிடித்து வைத்து, சுற்றியுள்ள தரையிலும் கிணற்றிலும் உவரைக் குறைக்க உதவும்.

2. வாய்க்கால் அப்படியல்ல. 4 கிலோமீற்றரில் மூன்றரை வெட்டினாலும் ஒரு துளி நீர் மறுபக்கம் போகாது. வெட்டிய பள்ளம் ஆண்டுதோறும் மண்ணால் தூரும்.

3. வாய்க்கால் இல்லாததால் ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கும் வேலைக்கும் அவசரம் இல்லாமல் போனது. உடைந்த அணையைத் திருத்தினாலும் தண்ணீர் எங்கே போகப்போகிறது என்ற கேள்வி வந்தது. ஒரு கண்ணி விட்டுப்போனால் சங்கிலி முழுவதும் தளரும்.

இத்தகைய இலக்கை ‘ஆண்டுக்குக் கொஞ்சம்’ என்ற ஒதுக்கீட்டில் நடத்துவது மிகப் பெரிய தவறு. ஆண்டுக்குக் கொஞ்சம் வெட்டினால், போன வருடம் வெட்டியது இந்த வருட மாரியில் தூர்ந்துவிடும். வாய்க்கால் போன்றவற்றுக்கு வேண்டியது நீண்ட பொறுமை அல்ல, குறுகிய காலத்தில் குவித்த பணமும் ஆளும். ஆயத்தம் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை. தொடங்கினால் முடிக்க வேண்டும்.

குடிநீரில் பிறகு வந்த பாதையும் இந்தப் பாடத்தையே தருகிறது. 2010களின் தொடக்கத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு தொடங்கிய யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் இரணைமடுவை நம்பியிருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் வயலுக்கே போதாத குளம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. திட்டத்தின் நடுவே நீர்மூலம் மாற்றப்பட்டு, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். குழாய், தாங்கி, இணைப்பு என்று மற்ற எல்லாவற்றையும் படிப்படியாகச் செய்யலாம். நீர்மூலத்தைப் பாதி செய்ய முடியாது.

## சாண் ஏற முழம் சறுக்கினால்

மூன்றாவது வகைதான் மக்களை அதிகம் குழப்புவது. ஏனெனில் இங்கே முயற்சி உண்மையாகவே நடக்கிறது, கணக்கிலும் தெரிகிறது. இருந்தும் இலக்கு கிட்டே வருவதில்லை.

வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குவோம். நகையை அடைவு வைத்து ஒருவர் 100,000 ரூபாய் எடுக்கிறார் என்று வைப்போம். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது மாதம் 1,500 ரூபாய். கட்டாத வட்டி முதலோடு சேரும் என்றும் வைத்துக்கொள்வோம்.

1. மாதம் 1,000 ரூபாய் கட்டினால், 3 வருடத்தில் 36,000 ரூபாய் கட்டி முடித்திருப்பார். கடன் அப்போது ஏறத்தாழ 123,600 ரூபாய்.

2. மாதம் 1,500 கட்டினால் கடன் கூடாது, குறையாது. எத்தனை தலைமுறை கட்டினாலும் நகை திரும்பாது.

3. மாதம் 2,000 கட்டினால் ஏறத்தாழ 7 வருடமும் 9 மாதமும் ஆகும். மொத்தம் கட்டுவது 186,000 ரூபாய் அளவில்.

4. மாதம் 3,000 கட்டினால் 47 மாதங்களில், நாலு வருடத்துக்குள், முடியும். மொத்தம் 140,000 ரூபாய் அளவில்.

1,000 ரூபாய் கட்டுபவர் சோம்பேறி அல்ல. மாதம் தவறாமல், வேறு செலவைச் சுருக்கிக் கட்டுகிறார். ஆனால் அவருடைய ஒழுங்கு 1,500 என்ற கோட்டுக்குக் கீழே நடக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் கணக்கின் தன்மையே மாறுகிறது: 2,000இலிருந்து 3,000 ஆக ஒன்றரை மடங்கு கூட்டினால் காலம் பாதியாகிறது. சறுக்கும் இலக்குகள் அனைத்துக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ‘மெதுவாகவேனும் போகிறோமே’ என்று ஆறுதல் கொள்வது ஆபத்து.

நாட்டுக் கணக்கிலும் இதன் இன்னொரு முகம் தெரியும். இலங்கையின் பொருளாதாரம் 2022இல் 7.3 சதவீதமும் 2023இல் 2.3 சதவீதமும் சுருங்கியது. 2021ஐ 100 என்று எடுத்தால், அது 92.7 ஆகி, பிறகு 90.6 ஆனது. 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. 90.6இன் மேல் 5 சதவீதம் என்றால் 95.1. மூன்று வருடத்துக்கு முன் நின்ற இடத்துக்குக் கூட 2024இல் வந்து சேரவில்லை என்று பொருள். விலைவாசியிலும் இதே மயக்கம் உண்டு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். பின்னர் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஏறுவது மட்டும் தணிந்தது. ஆகவே ‘வளர்ச்சி 5 சதவீதம்’ என்ற தலைப்பும், சந்தையில் கை இன்னும் இறுக்கமாக இருக்கிறதே என்ற வீட்டுக்காரரின் சொல்லும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை.

நிலத்தடி நீரில் இந்தச் சறுக்கல் இன்னும் கடுமையானது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். குடாநாட்டின் உயிர் இதில்தான் தொங்குகிறது.

எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கிச் சேர்கிறது. அதற்கும் கீழே கடல்நீர். நன்னீர் இலேசானது, ஆகவே உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்றால் கடல்நீருக்கு ஏறத்தாழ 1.025. இந்தச் சிறிய வேறுபாட்டிலிருந்து பெரிய கணக்கொன்று பிறக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். கீபன்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பு என்று நீரியலாளர் சொல்வது இதுதான்.

இதைத் திருப்பிப் பாருங்கள். மேல்மட்டம் 25 சென்ரிமீற்றர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவாக, நிரந்தரமாகத் தாழ்ந்தால், கீழேயிருந்து உப்புநீர் 10 மீற்றர் மேலேறும். சாண் ஏற முழம் என்பது இங்கே சாண் இறங்க ஆறாள் உயரம். பாறையின் அமைப்பையும் மழையையும் பொறுத்து இது மெதுவாக, இடத்துக்கு இடம் வேறுபட்டு நிகழும். ஆனால் திசை அதுதான்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே ஓர் எல்லையாக இருந்தது. இறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இறைப்பது கூடியது. இட்ட உரத்தின் எச்சம் நைத்திரேற்றாகக் கீழே இறங்கியது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் மாக்கரைத்துக் கொடுப்பது குருதியின் ஒட்சிசன் ஏற்கும் திறனைக் கெடுக்கும். காய்ச்சினாலும் நைத்திரேற்று போகாது; தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

ஆகவே நிலத்தடி நீரில் ‘ஆண்டுக்கு இத்தனை குளம் தூர்வாரினோம்’ என்ற செய்தி பாதிச் செய்திதான். அந்தக் குளங்கள் ஊறவிடும் நீர் அதிகமா, அதே ஆண்டில் கூடுதலாக இறைத்தது அதிகமா என்பது மறுபாதி. ஊறுவது கூடுதலாக இருந்தால் சின்னக் குளமும் பெரிய காரியம். குறைவாக இருந்தால், தூர்வாருதலும் வில்லை மெலிவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

## ஏறிய படி நிலைக்குமா

மெதுவான வளர்ச்சிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. கட்ட நெடுங்காலம் ஆகும். இழக்க ஒரு பொழுது போதும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவரின் முயற்சியாகத் தொடங்கியது. வளர்ந்து, 1959இல் தனிக் கட்டடத்துக்கு வந்தது. வாங்கியவை, தானமாக வந்தவை, ஏட்டுச் சுவடிகள் என்று ஏறத்தாழ 97,000 ஆயின. சேர்ந்து வளரும் இலக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய எரிப்பில் எல்லாம் போனது. 48 வருடத்து வேலை ஓர் இரவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. காரணம், அதெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தது. பல ஏடுகளுக்கு வேறெங்கும் இன்னொரு பிரதி இல்லை.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அதே மெதுவான வேலைதான்: ஒரு நூல், ஒரு பக்கம், ஒரு மின்வருடல். ஆனால் அடிப்படை வேறு. ஒரு முறை வருடி இணையத்தில் ஏற்றியதைப் பலர் பிரதி எடுக்கலாம், பல நாடுகளில் வைக்கலாம். ஒரு தீயால் முழுவதையும் திருப்பி எடுக்க முடியாது. படிப்படியாகக் கட்டுகிறவர்கள் அடுத்த படியைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு, ஏறிய படியைப் பூட்டுவது பற்றியும் யோசிக்க வேண்டும்.

அரசியலிலும் இதே கேள்வி. மாகாண சபைகளுக்கான சட்டம் 1987இல் வந்தது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பரில் நடந்தது. இடையில் 26 வருடம். 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் கடந்தன. 26 வருடம் காத்து ஏறிய படி ஐந்து வருடத்தில் காலடியிலிருந்து விலகியது. தேர்தலைத் தள்ளிப்போட முடியாதபடி ஒரு பூட்டு அந்தச் சட்டத்தில் இருக்கவில்லை.

## காத்திருப்பு வேறு, தாமதம் வேறு

‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பார்கள். விதைத்த பனை பாளை விட ஏறத்தாழ 12 முதல் 15 வருடம், சில வேளை அதற்கு மேலும். அதுவரை அது ஆணா பெண்ணா என்றும் தெரியாது. இந்தக் காத்திருப்பை எந்தப் பணத்தாலும் சுருக்க முடியாது. மரத்தின் இயல்பு அது.

விதைப்பதைத் தள்ளிப்போடுவது வேறு. இந்த மாரியில் ஊன்ற வேண்டிய விதையை அடுத்த மாரிக்கு விட்டால் ஒரு வருடம் சும்மா போகிறது. செய்தி அறிக்கையில் இரண்டும் ஒரே சொல்லால், ‘காலம் எடுக்கும்’ என்று வருகின்றன. பனை வளரக் காலம் எடுக்கும் என்பது உண்மை. கோப்பு ஒரு மேசையில் இருந்து மறுமேசைக்குப் போகக் காலம் எடுக்கும் என்பதற்கு இயற்கையின் நியாயம் எதுவும் இல்லை.

## பெரிய இலக்கை எப்படி வெட்டுவது

முகமாலையிலும் பளையைச் சுற்றியும் நடக்கும் மிதிவெடி அகற்றல், மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கக்கூடிய இடம். நெடுங்காலம் முன்னரங்காக இருந்த நிலம் அது. இரு தரப்பும் புதைத்தவை கிடக்கின்றன. அவற்றில் பல பெரும்பாலும் பிளாஸ்ரிக். உலோகம் மிகக் குறைவு, ஆகவே உலோகங்காட்டும் கருவிக்கு எளிதில் அகப்படாது. பணியாளர், அவர்களில் கணிசமானோர் பெண்கள், ஒடுங்கிய ஓடைகளாகப் பிரித்த நிலத்தில் முழங்காலில் இருந்து மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுக்கிறார்கள். வெளிநாட்டு அமைப்புகளான ஹலோ டிரஸ்ட், மாக், உள்நாட்டு அமைப்புகளான டாஷ், ஷார்ப், இவற்றோடு இராணுவத்தின் பிரிவும் இந்த வேலையில் ஈடுபட்டிருக்கின்றன. அவசரப்படுத்தினால் ஒருவருடைய கால் போகும். மெதுவாகச் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லாத வேலை.

இது எந்த வகை? முதல் பார்வைக்குச் சேர்ந்து வளரும் இலக்கு. ஆனால் ஒரு தோட்டத்தில் 99 சதவீதம் துப்புரவாகிவிட்டது என்று சொன்னால், அந்த மீதி 1 சதவீதம் எங்கே என்று தெரியாதவரை எந்தத் தாயும் பிள்ளையை அங்கே விடமாட்டாள். ஆக, ஒரு காணியின் அளவில் இது முடிந்தால் மட்டும் பலன் தரும் வேலை. இதற்குக் கண்ட வழி அருமையானது: மொத்த நிலத்தையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுமையாக முடித்து, சோதித்து, சான்று கொடுத்து, உரியவரிடம் ஒப்படைப்பது. எங்கும் பாதி செய்து விடுவதில்லை. ரயில் பளையில் நின்றபோது செய்ததை இங்கே ஒவ்வொரு காணியும் செய்கிறது.

காணி விடுவிப்பிலும் இதே கண்ணால் பார்க்கலாம். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் நிலம் பல கட்டங்களாக விடுவிக்கப்பட்டு வந்திருக்கிறது. எத்தனை ஏக்கர் என்பதே செய்தியின் தலைப்பாகிறது. ஆனால் ஏக்கர் ஒரு ஊராகாது. மீனவக் குடும்பத்துக்கு வீட்டுக் காணி கிடைத்துத் துறை கிடைக்காவிட்டால் அது இருந்து வாழும் இடம் ஆகாது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோதுதான் அங்கே திரும்புவதற்கு ஒரு தொழில்வழியும் திரும்பியது. வீடு, கிணறு, வீதி, பள்ளிக்கூடம், கோயில், துறை ஆகியன ஒன்றாகச் சேர்ந்த ஒரு சிறு முழுமையை முதலில் விடுவது, அங்கொன்றும் இங்கொன்றுமாக அதே அளவு ஏக்கரை விடுவதைவிடப் பல மடங்கு பயன்தரும். கணக்கில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். இது என் உறுதியான கருத்து: விடுவிப்பை ஏக்கரில் அளப்பதை நிறுத்தி, திரும்பிக் குடியிருக்கக்கூடிய குறிச்சிகளில் அளக்க வேண்டும்.

## செய்தியில் ‘படிப்படியாக’ வந்தால்

இனி அந்தச் சொல்லைக் காணும்போது வரிசையாகக் கேட்கக்கூடியவை இவை.

1. இந்த வேலை இன்றைக்கே நின்றுபோனால், இதுவரை செய்ததில் யாருக்கு என்ன மிச்சம்?

2. எதிர்ப்பக்கமாக இழுப்பது எது? அதன் வேகம் என்ன? அறிக்கையில் அந்த எண் இருக்கிறதா?

3. ஏறிய படியை யார், எவ்வளவு எளிதாகத் திரும்ப எடுக்க முடியும்?

4. சொல்லப்படும் காலத்தில் எவ்வளவு இயல்பான காத்திருப்பு, எவ்வளவு வெறும் தாமதம்?

5. இதன் பலன் இன்னொன்றில் தங்கியிருக்கிறதா? அந்த இன்னொன்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

6. முடிவுக்குத் திகதி உண்டா? அது சட்டத்தில் இருக்கிறதா, பேச்சில் மட்டுமா?

கடைசிக் கேள்விக்கு மிதிவெடி அகற்றலில் தெளிவான விடை உண்டு. இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2018 ஜூன் 1ஆம் திகதி அது நாட்டைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அறிந்த எல்லாக் கண்ணிவெடி நிலங்களையும் 10 வருடத்துக்குள் துப்புரவாக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கெடு 2028 ஜூன் 1. நீடிப்புக் கேட்க உடன்படிக்கையில் இடம் உண்டு. ஆனால் கேட்பதானால் ஏன் முடியவில்லை, மீதி எவ்வளவு, எப்போது முடியும் என்று எண்களோடு மற்ற நாடுகள் முன் விளக்க வேண்டும். பணியாளர் தொகையும் நன்கொடையும் குறைந்தால் அந்தத் திகதி நகரும்.

பளை அடங்கிய பச்சிலைப்பள்ளி தென்னைக்குப் பேர்போன பகுதி. 2028 மேயில் அங்கே கடைசிக் காணி ஒன்று சான்றோடு உரியவர் கைக்கு வருகிறது என்று வைப்போம். அந்த வருட மாரியில் அவர் தென்னம்பிள்ளை வைப்பார். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும். முதல் குலை 2034இல் அல்லது 2035இல். கெடு ஒரு வருடம் தள்ளினால் அதுவும் ஒரு வருடம் தள்ளும். அப்படித் தள்ளினால், போர் முடிந்தபோது 45 வயதாக இருந்த ஒருவருக்கு அப்போது வயது 71 அல்லது 72.